செம்பருந்துக்கு வந்த சாம்பல் உடை

– தலைய அண்ணாந்து வைங்க தம்பி, மூக்குலேருந்து இன்னும் ஊத்துது. டேய், நீ எதுக்குடா இன்னும் கம்பிய வச்சுக்கிட்டு நிக்கிற? கீழ போடு.

– கம்பி இல்லக்கா. கொடிக்கம்பு.

– கொடிக்கம்பால அடிச்சாலும் பல்லுதான் விழும். பாரு, ரெண்டு விழுந்திருக்கு. அடிச்சதும் நீ, கூட்டம் கொன்னுடும்னு உள்ள இழுத்துட்டு வந்ததும் நீ.

– மூணுங்க. ஒண்ண முழுங்கிட்டேன்.

– நீங்க பேசாதீங்க தம்பி, உதடு தொங்குது. என் கடையில பேச ஒரு ஆளு இருக்கான், அவன் போதும்.

– நீ இவனுக்காக இரக்கப்படாதக்கா. பதினெட்டு வருஷமா படக்கதையில செம்பருந்துக்குச் செவப்பு அங்கி. காத்துல பறந்தா ரெண்டு பக்கத்துக்கு விரியும். நம்ம ரெண்டு பேரும் ஒரே பொஸ்தகத்த மாத்தி மாத்திப் படிச்சோமே, மறந்துட்டியா? இன்னைக்கு அங்கி இல்ல, மூஞ்சியும் தெரியாம முழுசா ஒரு முகமூடி, சாம்பல் கலர்ல ஒரு ஒட்டுப் பனியன். அதையும் மாட்டிக்கிட்டு நம்ம கடை வாசல்லயே வந்து நின்னு கையாட்டறான்!

– அவரு செம்பருந்து இல்லடா மகாராஜா. வேஷம் போடுற ஆளு. புது உடைக்கு விளம்பரம்னு கம்பெனிக்காரன் அனுப்பினான். படம் வரைஞ்சவன் எங்கயோ ஏசி ரூம்ல இருக்கான், துணிய மாட்டுனவன் பல்லு என் தரையில இருக்கு. என்னடா நியாயம் இது?

– போன வாரம் பற்பசைக் குழாயா நின்னேங்க. ஒரு மருந்துக்கடைத் திறப்புக்கு. கொழந்தைங்கல்லாம் வந்து கட்டிப்புடிச்சுச்சு. அந்த நெனப்புலதாங்க இங்கயும் கையாட்டினேன்.

– கேட்டியாடா?

– கேட்டேன்க்கா.

– யோவ் தலைவரே! ஷட்டரைத் தொறங்க! அவன வெளிய தள்ளுங்க, நாங்க பாத்துக்கறோம்!

– யாருடா அது வெளிய கத்துறது? உன் ரசிகர் சங்கத்துச் செயலாளரா?

– பொருளாளர். நல்ல பையன்க்கா. பல் டாக்டருக்குப் படிக்கிறான்.

– பொழச்சுக்குவான். நோயாளிங்களை இப்பவே தயார் பண்ண ஆரம்பிச்சுட்டான்.

– நான் பேசிப் பாக்கறேன். டேய்! நான்தான்டா பேசறேன்! போதும்டா, போயிடுங்க! ஆளு மயங்கிட்டான்!

– மயங்கினா தூக்கிப் போடுங்க தலைவரே! அங்கிய அவுத்தவன் தோல நாங்க அவுக்கறோம்!

– நீ சொன்னா கேக்கற பசங்கன்னியே.

– எப்பவும் கேப்பாங்கக்கா. சத்தியமா. இன்னைக்கு வந்ததுல பாதிப் பேரு யாருன்னே எனக்குத் தெரியல. புதுப் பொஸ்தகத்த அடுக்கி வச்சு கொளுத்தறது, கோஷம் போடறது, கலைஞ்சு போறது. அவ்ளோதான் பேச்சு. நான் பீப்பா மேல ஏறி ‘கிழிங்கடா’ன்னேன். உடையத்தான் சொன்னேன். ஆளக் கிழிக்கச் சொல்லல.

– கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமாடா? அந்தக் கேமராக்காரனைப் பாத்தியா? மண்டை பொளந்து சாக்கடையோரம் கெடக்கறான். தூக்கப் போன பொண்ணோட கைய முறுக்கி ஒடிச்சாங்க, சத்தம் எனக்கு இங்க கேட்டுச்சு. கம்பெனி வேனைக் கவுத்துட்டு அது மேல ஏறி ஆடறானுங்க. எல்லாம் எதுக்கு? ஒரு துணி! நான் இந்தக் கடையில நாள் பூரா நல்லவன் ஜெயிக்கிற கதையத்தான்டா விக்கறேன். வாங்கறவன்லாம் கெட்டவனா போனா நான் எதை விக்கறது?

– அக்கா, அழாத.

– யாரு அழுதா? கண்ணாடித் தூளு கண்ணுல பட்டுடுச்சு.

– அம்மா, ஒரு வாசனை வருதுங்களே. எனக்கு மூக்கு வீங்கிப் போச்சு, ஆனாலும் வருது.

– ஐயோ. டேய், ஷட்டருக்கு அடியில பாரு. ஈரமா வருது.

– பெட்ரோல்.

– டேய், உள்ள பூரா பொஸ்தகம்டா! அஞ்சு நிமிஷம் தாங்காது!

– டேய் பொருளாளரே! உள்ள நான் இருக்கேன்டா! எங்கக்கா இருக்காடா!

– அப்ப அவனத் தள்ளிட்டு நீங்க வாங்க தலைவரே! நூறு எண்ணுவேன்!

– போலீஸ் என்னக்கா ஆச்சு? போன் பண்ணியே?

– வந்துட்டாங்க. தெருமுனையில வண்டி நிக்குது, ஷட்டர் ஓட்டை வழியா விளக்கு தெரியுது. நடுவுல உன் ரசிகப் பெருமக்கள். எறங்கி வர அவங்களுக்கும் பயம்.

– நான் போயிடறேங்க. அவங்களுக்கு நான்தானே வேணும்? உங்களுக்கு எதுக்குங்க கஷ்டம். எப்படியும் முக்காவாசி அடிச்சுட்டாங்க.

– உக்காருங்க. எழுந்து நிக்கவே ரெண்டு பேர் புடிக்கணும், இதுல தியாகம் வேற. பின்கதவுக்குப் போய் சந்துல யாராவது நிக்கிறாங்களான்னு காது வச்சுக் கேளுங்க. செவுத்தப் புடிச்சுக்கிட்டே போங்க.

– அக்கா, அவன் கழட்டிப் போட்ட உடை எங்க?

– மேஜை மேல. எதுக்கு?

– சந்துலயும் ஆளு நிப்பாங்க. அவங்க நகரணும்னா முன்னாடி ஏதாவது தெரியணும். நான் இதை மாட்டிக்கிட்டு பரண் வழியா மொட்டைமாடிக்குப் போறேன். தெருவுக்கு நீட்டியிருக்கிற பக்கத்துக் கட்டட விளம்பரப் பலகை மேல நின்னு கையாட்டினா போதும், அத்தனை பேரும் என் பின்னாலதான் ஓடி வருவாங்க. அந்த நேரத்துல நீ இவனப் பின்பக்கமா கூட்டிக்கிட்டுப் போயிடு.

– உனக்குப் பைத்தியமாடா? உன்ன அடிச்சே கொன்னுடுவாங்க!

– மாட்டாங்கக்கா. போலீஸ் வண்டிக்கிட்ட எறங்கி, முகமூடியக் கழட்டி, ‘டேய், நான்தான்டா’ன்னு மூஞ்சியக் காட்டுவேன். என் மூஞ்சியப் பாத்தா ஒருத்தன் கல்லெடுக்க மாட்டான். அசடு வழிஞ்சுட்டு நிப்பாங்க. எல்லாம் என் பசங்க.

– பாதிப் பேரு யாருன்னே தெரியலன்னு இப்பத்தானே சொன்ன?

– மீதிப் பாதிக்குத் தெரியுமில்ல. நான்தானேக்கா ஆரம்பிச்சேன். நானே முடிக்கறேன். கைய விடு.

– ...சட்டைய உள்ள விடு. இடுப்புல ஏற மாட்டேங்குது பாரு. செம்பருந்துன்னா பறக்கணும்டா, இப்படி உருளக் கூடாது.

– சிரிக்க வைக்காதக்கா. உள்ளயெல்லாம் அவன் ரத்தம். பிசுபிசுங்குது.

– உன் கைவேலைதான. உடுத்திப் பாரு.

– அம்மா, சந்துல ரெண்டு பேரு நிக்கிறாங்க. ஒருத்தன்கிட்ட சைக்கிள் செயின் இருக்கு. ஐயோ, சாரு என்ன என் உடைய மாட்டியிருக்காரு?

– இவரு மேல போய் உங்களுக்காகக் கையாட்டப் போறாரு. எனக்கு ஷட்டர்கிட்ட வேலை இருக்கு. பொருளாளர் எண்பதுக்கு மேல எண்ணிட்டான், நான் பேச்சுக் குடுத்து நிறுத்தறேன். அந்த முகமூடிய அவருக்கு மாட்டி விடுங்க தம்பி.

– குனிங்க சார். கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். ஆச்சுங்க.

– யோவ், மூணு பல்லுக்கு மன்னிச்சுக்கய்யா.

– சார் ஏதோ சொல்றாரு, உள்ள பஞ்சு வச்சுத் தச்சிருக்காங்க, கேக்கலைங்க. நல்லதுதான் சொல்லியிருப்பாரு.

– டேய் பொருளாளரே! தொறக்கறேன்! சாவியத் தேடறேன்டா! கொஞ்சம் பொறு! என்ன தம்பி, ஏறிட்டானா?

– ஏறிட்டாருங்க. மாடியில காலடி கேக்குது.

– அதோ, ஓட்டை வழியா தெரியுது! பலகை மேல நிக்கிறான். ரெண்டு கையையும் ஆட்டறான். பாவிப்பய, நெஜமாவே செம்பருந்து மாதிரிதான் நிக்கிறான்.

– மேல இருக்கான்டா! மேல! புடிங்கடா அவன!

– ஓடறாங்க தம்பி, எல்லாரும் ஓடறாங்க! தீப்பெட்டியப் போட்டுட்டு அந்தப் பல் டாக்டரும் ஓடறான்! உங்க பக்கம்?

– சந்துல யாரும் இல்லைங்க. செயின் சத்தமும் போயிடுச்சு.

– கெளம்புங்க, என் தோளப் புடிச்சுக்குங்க. ஒரே ஒரு நிமிஷம், அவன் எறங்கறதப் பாத்துடறேன். குதிச்சுட்டான். ஓடறான். சின்ன வயசுல இந்த ஓட்டம் ஓடியிருந்தா ஒரு பரிசாவது வாங்கியிருப்பான். ஓடுடா, ஓடுடா என் தங்கம்... ஐயோ!

– என்னங்க ஆச்சு?

– அந்தச் சந்துக்காரன் செயினக் கால்ல வீசிட்டான். விழுந்துட்டான். சுத்தி வந்துட்டாங்க. பரவாயில்ல, பரவாயில்ல, இப்பக் கழட்டிடுவான். கழட்டுடா. கொடிக்கம்பு எடுத்துட்டாங்க தம்பி! முட்டியில அடிக்கறாங்க! கழட்டுடா, மூஞ்சியக் காட்டுடா! ஏன் கழட்ட மாட்டேங்குறான்? கழுத்தப் போட்டுப் பிராண்டுறான்... அந்தப் பொருளாளர் பய கல்லத் தூக்கறான்! டேய், அது உங்க தலைவன்டா! நான் கத்தறது அங்க கேக்காது... தம்பி, அவன் ஏன் கழட்ட மாட்டேங்குறான்?

– அவரால முடியாதுங்களே. கொக்கி ரெண்டும் பின்கழுத்துக்கு உள்பக்கம் இருக்கு, இன்னொருத்தர் கைதான் கழட்டணும். என்னை இழுத்துக்கிட்டு வந்தப்பக்கூட சார்தானே பின்னாடி நின்னு கழட்டி விட்டாரு. புதுப் பொஸ்தகத்துலயே போட்டிருக்கு, அவருக்குத் தெரியும்னு நெனச்சேங்க.

– தெரிஞ்சா போவானா! கொளுத்துறதுக்காக வாங்குன பொஸ்தகம்யா அது! நானும் விக்க வந்த கட்டப் பிரிக்கல!

– அப்ப அத்தனை பேர்ல ஒருத்தருமே படிக்கலையாங்க? அதுதானேம்மா புதுக் கதையே... நம்பி முதுகக் காட்ட ஒரு ஆளு இருந்தாத்தான் செம்பருந்து இனிமே முகமூடியக் கழட்ட முடியும்.