வெட்டி வச்ச பேச்சு

மறக்கல தம்பி, நல்லா ஞாபகம் இருக்கு. உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், விழாது. உங்க தங்கச்சி கல்யாண வீடியோல உங்கம்மா மைக்கைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுப் பதினோரு நிமிஷம் பேசினாங்க. நீளமா இருக்கு, வெட்டிடுங்கக்கான்னு நீங்கதான் சொன்னீங்க. வெட்டினேன். ஆனா வெட்டினதை நான் தூக்கிப் போடறதில்ல, தனியா எடுத்து வச்சிடுவேன்.

அம்மா போனதைக் கேள்விப்பட்டேன். குரலாவது கிடைக்காதான்னு இருக்கும், பாவம்.

அவசரமா? இருங்க. என்ன பாக்கறீங்க, இந்த எடிட்டிங் சாஃப்ட்வேரா? முறையா வாங்கினது தம்பி. கம்பெனிக்காரனே மொதல்ல இலவசமா ஒண்ணு குடுக்கறான், ஒரு வருஷம் அதுலயே ஓட்டினேன். அப்புறம் மாசச் சந்தா. காலேஜ்ல படிக்கிற எங்கக்கா பொண்ணு அவளுக்கு மாணவர் விலையில வாங்கிக்கிட்டா. இதெல்லாம் அப்பவே இருந்துச்சாம். உங்க கம்ப்யூட்டர் கடையில வந்து சாஃப்ட்வேர் கேட்டப்ப நீங்க சொல்லல. இதுக்குப் போயி யாராவது காசு குடுப்பாங்களாக்கான்னு சிரிச்சீங்க.

பென் டிரைவ்ல திருட்டு காப்பியைப் போட்டு, அதைத் திறக்க ஒரு காகிதத்துல கீ எழுதிக் குடுத்தீங்க. ஆன்டிவைரஸை நிறுத்திட்டுப் போடணும்னீங்க. நிறுத்தினேன். திருடனுக்குக் கதவையும் திறந்துவிட்டு விளக்கும் பிடிச்சேன். நாலாவது மாசம் ஒரு காலைல எந்த ஃபைலும் திறக்கல. பேரெல்லாம் மாறி, கோழி கிளறின மாதிரி எழுத்து. உங்ககிட்டதான் ஓடி வந்தேன். கீ போடறதோட என் வேலை முடிஞ்சிதுக்கான்னுட்டு, வேற யாருக்கோ மவுஸ் எடுத்துக் காட்டப் போயிட்டீங்க.

எங்க வீட்டுக்காரரா? உள்ளதான் இருக்காரு. கூப்பிட்டா வருவாரு, பேச மாட்டாரு. தொண்டையில ஆபரேஷன். அதுக்கு முந்தின நாள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தேன். ஒரே ஒரு தடவை. அதுவும் போச்சு. இப்ப என் பேரை நோட்டுல எழுதிக் காட்டுவாரு. அழகாத்தான் எழுதுவாரு.

ம்? இல்ல, இந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல தம்பி. உங்கம்மா பேச்சு அந்தப் பழசுல இருந்துச்சு. நீங்க கீ குடுத்தீங்களே, அதுல.

போன்லயே சொல்லியிருக்கலாம்தான். உங்க மூஞ்சியைப் பாக்கணும்னு இருந்துச்சு, அதான் வரச் சொன்னேன்.