சொக்கியின் காலுக்காக எடுத்த மணல்

என் பெயர் சித்தையன், வயது 46, தகப்பனார் பெயர் கெம்பையன். சொந்த ஊர் ஹனூர் பக்கம். இருபது வருடமாக மைசூர் தேவராஜ மொஹல்லாவில் குடியிருந்து ஜட்கா வண்டி ஓட்டி வருகிறேன். தமிழ் தெரிந்த ஏட்டு எழுதிக்கொள்வதால் தமிழில் சொல்கிறேன்.

என்னிடம் சொக்கி என்ற பதினொரு வயதுப் பெண் குதிரை உள்ளது. நான் இருமினால் திரும்பிப் பார்க்கும்.

9.3.1996 சனிக்கிழமை என் மைத்துனர் ஊரிலிருந்து மக்காச்சோள மூட்டை கொண்டுவந்தார். அதை வாய் கட்டாமல் லாயத்தின் அருகே வைத்துவிட்டு நான் கடைக்குப் போனேன். இது என் மேல் வந்த மணல் புகாரில் இல்லை, என் தவறு என்பதால் சொல்கிறேன். திரும்பியபோது சொக்கி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கால்வாசி மூட்டைக்கு மேல் தின்றிருந்தது. நான் சிரித்துவிட்டு என் மனைவி மாதேவியைக் கூப்பிட்டு, "கல்யாண ஊட்டுக்குப் போயிட்டு வந்தவளாட்டம் நிக்கறா பாரு" என்றேன்.

மறுநாள் அது தீனி தொடவில்லை. 11ஆம் தேதி காலை முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் போட்டு நின்றது. வயிற்று உப்புசம் என்று நினைத்துத் தெருமுனை வரை நடத்தினேன். அடிக்கொரு தரம் என் தோளில் முகத்தை வைத்து நின்றது. நான் கூப்பிட்டதால் மட்டுமே வந்தது. அதன் பிறகு குளம்பைத் தொட்டேன், சுட்டது. அதற்கு மேலே நாடி திக்திக்கென்று அடித்தது.

அதன் பிறகு கால்நடை மருத்துவர் பிரதிபா வந்து, நடத்தியதற்காக என்னைக் கண்டித்தார். தானியம் அதிகமாகி வயிற்றில் கெட்டு, அந்த விஷம் காலுக்கு இறங்கியிருப்பதாகவும், எலும்பைக் குளம்போடு பிடித்திருக்கும் சதை வீங்கியிருப்பதாகவும், பிடி விட்டால் எலும்பு இறங்கி அடிக்குளம்பைக் குத்தி வெளியே வரும், பிறகு ஊசி போட்டுச் சாகவிடுவதுதான் வழி என்றும் சொன்னார். ஊசி மருந்து போட்டு, நடத்தாமல், தானியம் காட்டாமல், காலுக்குக் குளிர்ந்த நீர் விட்டு, ஒரு அடி ஆழ மணலில் நிறுத்தச் சொன்னார். எங்கள் லாயத் தரை கல்.

பக்கத்தில் வீடு கட்டும் ரயில்வேயில் ஓய்வு பெற்ற நாராயணஸ்வாமியிடம் மணல் கேட்கப் போனேன். அவர் மேல்கோட்டை போயிருந்தார். அதன் பிறகு பகல் மூன்று மணிக்கு நானும் மாதேவியும் அவர் மணலைக் கூடையில் எடுத்து வந்து லாயத்தில் கொட்டினோம். யாரிடமும் மறைக்கவில்லை.

14ஆம் தேதி அவர் ஊர் திரும்பிப் புகார் கொடுத்து, போலீஸ்காரருடன் லாயத்துக்கு வந்து சத்தம் போட்டார். படுத்திருந்த சொக்கி சத்தம் கேட்டு எழப் பார்த்து முடியாமல் மறுபடி சாய்ந்தது. அவர் குந்தி உட்கார்ந்து குளம்பைத் தொட்டு, "என்னய்யா, காபி டம்ளர் மாதிரி சுடறதே" என்றார்.

"மணல எடுத்துக்குங்க சாமி. அவ எந்திரிச்ச பொறவு எடுத்துக்குங்க" என்றேன். அவர் எழுந்து போனார்.

17ஆம் தேதி மணலைக் கைப்பற்றப் போலீஸ்காரர் வந்தபோது நாராயணஸ்வாமியும் வந்து, "அது அங்கேயே இருக்கட்டும், நான் எழுதித் தர்றேன்" என்றார். சட்டைப்பையிலிருந்து வெல்லம் எடுத்துச் சொக்கியிடம் நீட்டினார். இனிப்பும் ஆகாது என்று தடுத்தேன். அவர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வைக்கோலை ஊட்டினார்.

இன்று காலை சூடு தணிந்து, சொக்கி மணலில் நாலடி வைத்து என்னிடம் வந்தது. எலும்பு இறங்கவில்லை, ஆனால் இனி வண்டியில் பூட்டக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். பூட்டமாட்டேன். விற்கவும் மாட்டேன்.

கேட்காமல் மணல் எடுத்தது உண்மை. இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்குக் கூடவோ குறையவோ இல்லை.

(ஒப்பம்) சித்தையன்
18.3.1996, மைசூர்