அப்பா மோவாய் தூக்கிய காலை

இன்று காலை அவசரமாக ஷேவ் செய்திருக்கிறீர்கள் சார். இடது காதுக்குக் கீழே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. குறை சொல்லவில்லை. யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். பகலெல்லாம் விளிம்புகளோடுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் பழைய ரேசர்கள். ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள, தடித்த பிளேடு போடுகிறவை. கடைகளில் கிடைக்கிற மெல்லிய பிளேடு வளைந்து கொடுக்கும். இது வளையாது. வளையாததால் பேசும். சரியான சாய்வில் வைத்து இழுத்தால், காய்ந்த சருகின் மேல் யாரோ மெல்ல நடப்பது போல ஒரு சத்தம் வரும். சத்தம் நின்றால் அங்கே முடி இல்லை. சத்தம் மாறினால் கை தப்பியிருக்கிறது. வெந்நீரில் ஊறிய பிரஷ், கிண்ணத்தில் கெட்டியாக எழும்பும் நுரை, சாத்திய கதவு. அந்த நேரத்தில் நான் யாரோடும் பேச வேண்டியதில்லை, யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த பெரிய சுகம் அதுதான்.

அந்தச் சுகத்தை எனக்குக் காட்டியவர் அப்பா. காட்டினார் என்றால், கதவிடுக்கில் நின்று நானாகப் பார்த்துக்கொண்டேன். பஸ் ஓட்டியவர். விடியுமுன் கிளம்ப வேண்டும். மழமழவென்ற முகத்தோடுதான் ஸ்டியரிங்கைத் தொடுவார். அவருடைய ரேசர் ஒரு விநோதமான சாமான். அதன் தலை திறக்காது. பிளேடுகள் ஒரு சின்னத் தகர டப்பாவில் அடுக்கி வரும். டப்பாவின் மூக்கை ரேசரின் பக்கவாட்டில் செருகித் தள்ளினால் புதுப் பிளேடு உள்ளே போகும், பழையது மறுபக்கம் வெளியே விழும். கை பிளேடைத் தொடுவதே இல்லை. கண்ணும் கூரைப் பார்ப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்து அப்பாவின் வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார் டாக்டர். தினம் அரை மாத்திரை. அதைக் கொடுப்பது என் பொறுப்பு. சவரமும் என் பொறுப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். இந்த வீட்டில் என்னைவிட அதைத் தெரிந்தவர் யார்?

என் தம்பி தண்ணீர் லாரி ஓட்டுகிறான். கையில் எப்போதும் கிரீஸ். ஒரு நாள் காலையில் குளிக்கிற சோப்பை அப்பா முகத்தில் பூசி, தூக்கியெறிகிற பிளாஸ்டிக் ரேசரால் வழிக்க ஆரம்பித்தான்.

"யோவ் டிரைவரே, கொஞ்சம் மேல பாருய்யா. ஸ்பீட் பிரேக்கர் வருது."

அப்பாவின் ஒரு பக்க வாய் சிரித்தது. மோவாயைத் தூக்கினார். முழுக் கழுத்தையும் அவனிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி வழித்து முடித்தபோது முகம் ஆடு மேய்ந்த புல்வெளி போல இருந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்து அப்பா தலையாட்டினார்.

மறுநாள் நான் செய்தேன். வெந்நீர்த் துண்டு, நல்ல பிரஷ், என்னிடம் இருப்பதிலேயே மென்மையான ரேசர். "மோவாயக் கொஞ்சம் தூக்குங்க அப்பா" என்றேன். அவர் மோவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். கழுத்துத் தோல் மடிந்தால் ரேசர் நகராது. இன்னொரு முறை கேட்டேன். பல்லைக் கடித்தார். நுரை காய்ந்து உதிர்ந்தது.

என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள். "நீங்க ஆபரேஷன் பண்ற மாதிரி நிக்கிறீங்க. பாவம், பயப்படுறாரு. கொழுந்தனாருகிட்ட விடுங்க."

விட்டேன். தினமும் காலையில் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டேன். பிளாஸ்டிக் ரேசருக்குச் சத்தம் இல்லை. தம்பியின் வாய்தான் ஓயாது. நடுவில் அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு ஒலி வரும். அதை நான் பேச்சு என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என்னிடம் அவர் அந்த ஒலியைக்கூட எழுப்பியதில்லை.

பிறகு தம்பிக்கு அப்பாவின் பழைய ரேசரைக் கொடுத்தேன். அலமாரியிலிருந்து எடுத்து, துலக்கி, நானே பிளேடு ஏற்றி.

"எனக்கெதுக்குண்ணா இதெல்லாம்? மியூசியத்துல வைக்கற சாமான். நான் கீழ போட்டா நீ சோறு திங்க மாட்டே."

"அப்பாவுக்குப் பிடிக்கும். வச்சுக்கோ."

அவன் கண் கலங்கியது. அப்படிப்பட்டவன்தான்.

ஏற்றுவதற்கு முன் பிளேடின் ஒரு மூலையைக் கடையில் சாணைக்கல்லில் தொட்டு எடுத்திருந்தேன். கடுகளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பல். தம்பி ஒரு வாரத்தில் அப்பாவை வெட்டினான். தாடைக்குக் கீழே, சின்னக் கீறல். பஞ்சை வைத்து அழுத்தினான், நின்றுவிட்டது. "வீரத்தழும்புய்யா டிரைவரே, போட்டோ எடுத்து வை" என்றான். அப்பா சிரித்தார். வெட்டுப்பட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருந்தால் என்னைப் புரிந்துகொள்வீர்கள்.

நின்றுவிடுகிற இரத்தத்தால் பயன் இல்லை என்று தெரிந்தது. அதனால் அரை மாத்திரையை ஒன்றாக்கினேன். பிறகு ஒன்றரை. அப்பா வாங்கி விழுங்கினார். மாத்திரை விஷயத்தில் என்னை நம்பினார்.

அடுத்த வெட்டு நிற்கவில்லை. துண்டு நனைந்தது, பனியன் நனைந்தது. என் மனைவி அலறினாள். தம்பி இரண்டு கையாலும் அப்பாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் நிதானமாக வந்து கட்டுப்போட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி ரேசரை என் கையில் வைத்து, "எனக்குப் பயமா இருக்குண்ணா. இனிமே நீயே பண்ணு" என்றான்.

நான் பிளேடை மாற்றினேன். நல்லது ஒன்றை ஏற்றினேன். மாத்திரையை மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். மறக்கவில்லை. தம்பி பயம் தெளிந்து மறுபடி ஷேவ் செய்ய வந்தால் தேவைப்படும் என்று அப்படியே வைத்திருந்தேன்.

ஆனால் அப்பா என்னிடம் மோவாயைத் தூக்கவில்லை. காயம் ஆறும்வரை விட்டுவிட்டுக் கேட்டேன், தினமும் கேட்டேன். வெள்ளைத் தாடி வளர்ந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடையில் என் கைவேலை தப்ப ஆரம்பித்தது. வாடிக்கையாளர் ஒருவருடைய லென்ஸைப் பாழாக்கிவிட்டேன்.

அந்த நாள் காலையில் தூக்கினார்.

சோபாவில் உட்கார வைத்து, எதிரே கண்ணாடியை நிறுத்தி, நுரை பூசி, கேட்காமல் காத்திருந்தேன். மெதுவாக மோவாய் எழுந்தது. கழுத்துத் தோல் இழுபட்டு நின்றது. ரேசரை வைத்தேன். அவருடைய ரேசர், அவருடைய முகம், சருகின் மேல் நடக்கிற அந்தச் சத்தம். காதிலிருந்து தாடை, தாடையிலிருந்து குரல்வளை. ஒரு கீறல் இல்லை. வாழ்நாளில் அப்படி ஒரு ஷேவ் நான் செய்ததில்லை, எனக்கும்கூட. கடைசி இழுப்புக்கு முன்தான் கண்ணாடியைப் பார்த்தேன். அப்பாவின் கண் திறந்திருந்தது. அது என்மேல் இல்லை. எனக்குப் பின்னால், கதவோரம் தம்பி நின்றிருந்தான். தன் மோவாயைத் தூக்கிக் காட்டி, அப்படித்தான், அப்படித்தான் என்று சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தான்.

முகத்தைத் துடைத்தேன். சட்டை மாட்டும்போது அப்பாவின் கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. எங்கும் இடிபடாமல் அப்படி ஆனால் மாத்திரை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டேன். அன்றைய ஒன்றரை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். மதியம் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். மூளைக்குள் இரத்தக் கசிவு என்றார்கள். பிழைக்கவில்லை. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து ஆஸ்பத்திரியில் போலீஸைக் கூப்பிட்டார்கள், நீங்கள் வந்தீர்கள்.

தம்பி உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை இப்போது வாசித்துக் காட்டினீர்கள். மாத்திரை அட்டை சீக்கிரம் காலியானதை அவன் பார்த்திருப்பான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அதனால்தான் மொத்தத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டான். மாத்திரையைக் கணக்குத் தெரியாமல் கொடுத்தது தான்தான் என்கிறான். அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது, அன்று காலை குளிப்பாட்டி ஷேவ் செய்ததும் தான்தான் என்கிறான்.

இரண்டும் பொய். முதல் பொய்யை அவனுக்கு விட்டுக்கொடுத்துப் பேசாமல் இருந்திருப்பேன். இரண்டாவதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை சார். மார்ச்சுவரியில் அந்த முகத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? தாடையின் கீழ் தொட்டுப் பார்த்தீர்களா? ஒரு முடி தட்டுப்பட்டதா? லாரி ஓட்டுகிறவன் கையா அது?

அதைத் திருத்தி எழுதுங்கள். மாத்திரை கொடுத்தது நான். பிளேடைக் கெடுத்தது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கடைசியாக அப்பாவுக்கு ஷேவ் செய்தது நான், அவராகவே எனக்கு மோவாயைத் தூக்கிக் கொடுத்தார் என்று எழுதுங்கள்.

கதவோரம் யாரும் நிற்கவில்லை என்றும் எழுதுங்கள்.