மத்தியானமே திரும்பிய ஆடுகள்

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் ஆடு வளர்ப்பவர். பக்கத்தில், மடியில் துணிமூட்டையோடு ஜவுளிக்கடை பாய்.

“எங்க ஆடு பிரெஞ்சுப் பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்புது, பாய்.”

“என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க?”

“பாண்டிச்சேரில இருக்கால்லா நம்ம மவ, அவ பாடின மொத ஆல்பம் வந்திருக்கு. பாஷை பிரெஞ்சு. கிதாரு மட்டும் அமெரிக்காவுல கிராமத்து ஆளுக வாசிக்குத மாதிரியாம்.”

“வேலையை விட்டுட்டுப் பாடப் போயிட்டாளேன்னு நீங்கதான் அவகூடப் பேசுததே இல்லியே?”

“பேசல. ஆனா கரிசக்காட்டுல தனியா மேய்க்கப்ப செல்லுல போட்டுக் கேட்டேன். பொழுதடைய ஆட்டைத் திருப்பக் குரல் குடுப்போம்லா, ஒரு பாட்டுக்கு நடுவுல அதை அப்படியே பாடுதா. சின்னப்புள்ளைல என்கூட வந்து பழகுனது. உச்சிப்பொழுதுல அம்புட்டு ஆடும் மேய்ச்சலை விட்டுட்டு வீட்டைப் பாத்து நடக்கு!”

பாய் சிரித்த சிரிப்பில் மூட்டை குலுங்கியது. “உங்களுக்கு அந்தப் பாட்டு புரியுதா?”

“எனக்கு எங்க புரியுது? ஆட்டுக்குப் புரிஞ்சிட்டு.”

“பொறவு?”

“வேற வழி? அவளுக்குப் போன் போட்டேன். ‘ஏட்டி, உன் பாட்டால இன்னைக்கு ஆடெல்லாம் அரைவயிறு’ன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னா?”

“‘எந்த ஆடுப்பா மொதல்ல திரும்புச்சு?’ன்னு கேட்டா.”