பதினெட்டு ரூபாய்ச் சைக்கிள்

— சத்தம் போடாதேயுங்கோ. முதல் கையைத் தாங்கோ, தொட்டுப் பாக்கோணும்.

— என்ன கோணேஸ்வரி, பேயைக் கண்ட மாதிரி? யப்பான்காரன் குண்டு போட்டவுடன சல்லி ஊர்ப் பத்தைக்குள்ள ஓடினனான். மூண்டு நாள் வெளியில வரேல்ல. அதை விடு. வாசல்ல சைக்கிளைப் பார்.

— சைக்கிளோ?

— நிலாவெளி இரத்தினசிங்கத்தார் ஊரை விட்டு ஓடுறார். எழுபது ரூபாய்ச் சாமான், பதினெட்டுக்குத் தந்தவர். கொழும்பில குண்டு விழுந்ததில இருந்து எல்லாம் மலிவு. இப்ப வாங்காட்டி எப்ப வாங்கிறது?

— அப்ப குண்டு போட்ட அண்டைக்கு நீங்கள் துறைமுக டொக்யாட்டு வேலைக்குப் போகேல்லையோ?

— போயிருந்தா வேற ஆரும் கொண்டு போயிருப்பாங்கள்.

— முந்தநாள் டொக்யாட்டுக் கிளாக்கர் வந்தவர். யோகராசா செத்துப்போனான் எண்டவர். செலவுக்கு ஐம்பது ரூபாய் தந்து கைநாட்டு வாங்கினவர்.

— ஐம்பதோ? திருப்பிக் கேப்பாங்களோ? சைக்கிள் காசு போக முப்பத்திரண்டு மிஞ்சும்.

— நான் உங்களுக்குத் தலைவிரிச்சு அழுதிருக்கிறன். நீங்கள் மிச்சம் பாக்கிறியள். இதைப் பாருங்கோ.

— இது என்ர வேலை நம்பர்த் தகடு.

— ஓம். கரிஞ்ச ஒரு ஆளின்ர இடுப்பில கிடந்ததாம். முகம் தெரியேல்லையாம். நம்பரைப் பாத்துத்தான் உங்கட பேரை எழுதினவையாம். ஆரிட்டக் குடுத்தனீங்கள்?

— கொஞ்சம் இரு. இருக்க விடு என்னை.

— ஆரிட்ட?

— ஒரு நாள் வராட்டிப் பேரை வெட்டிப் போடுவாங்கள். அவனுக்கு வேலையில்லை. என்ர தகட்டோட போனால் கூலி அவனுக்கு, பேர் எனக்கு. ஒருத்தருக்கும் நட்டமில்லை எண்டுதான் நினைச்சனான். கால் ரூபாய்க்குக் குடுத்தனான்.

— அதுக்குக் காசும் வாங்கினனீங்களோ?

— சைக்கிளுக்குக் கால் ரூபாய் குறைஞ்சு கிடந்தது.

— ஆரெண்டு கேட்டனான்.

— சின்னப்போடி.

— இன்னொருக்காச் சொல்லுங்கோ.

— சின்னப்போடிதான். பக்கத்து வளவுச் சின்னப்போடி. ஏன் குசினிப் பக்கம் பாக்கிறாய்?

— அவன்ர பெண்சாதி உள்ளுக்கை நிக்கிறாள். புருசன் பயந்து வெருகலுக்கு ஓடிட்டான் எண்டு நினைச்சுக்கொண்டு, ரெண்டு நாளா எனக்குக் கஞ்சி காய்ச்சித் தாறாள்.

— அக்கா, ஆரோட கதை? ஐயோ, யோகராசாண்ணை. நீங்கள் உசிரோட வந்திட்டியள். அப்ப எங்கட ஆளும் வந்திருவார்.