ஸ்டெல்லாவுக்குச் சொன்ன சொற்கள்

படகுத் துறையில் கிண்ணியா வள்ளத்துக்கு நின்ற எனக்குப் பக்கத்தில், மூதூர் மோட்டார் லாஞ்சிக்காக ஒரு கிளாக்கரும் மனைவியும் நின்றார்கள். அவர் வேலை செய்யும் கந்தோரின் டைப்பிஸ்ட் ஸ்டெல்லா அங்கே இல்லை. சண்டை அவளைப் பற்றித்தான்.

“இங்கிலீசில ‘கட்டமரான்’ எண்டுறது எங்கட கட்டுமரம்தான்,” என்றார் அவர். “ஸ்டெல்லாவுக்குச் சொன்னனான், வாயைப் பிளந்திட்டா.”

“எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லையே?”

“நீர் கேக்கேல்லையே.”

“அவ கேட்டவவோ? அவவுக்குச் சொன்னதெல்லாம் எனக்கும் சொல்லுங்கோ. இல்லாட்டி லாஞ்சியில ஏறமாட்டன்.”

“சுருட்டு, ‘செரூட்’ ஆச்சு. மிளகுதண்ணி, ‘மலிகட்டானி’ எண்ட சூப் ஆச்சு.”

“என்ட ரசத்தையும் அவவுக்குக் குடுத்தாச்சோ?”

“சொல்லைத்தானப்பா குடுத்தனான்! லாஞ்சி வெளிக்கிடுது, ஏறும்.”

“இன்னும் இருக்கு. முகத்தில தெரியுது.”

“ஓம், ஒண்டிருக்கு. ‘கொயர்’ எண்டது கயிறு.”

அதற்குள் லாஞ்சி போய்விட்டது. அதுதான் அன்றைய கடைசி லாஞ்சி. லாஞ்சிக்கு ஆளுக்கு ஒரு ரூபாய்தான்; தனி வள்ளத்துக்கு அவர் கொடுத்தது இருபது ரூபாய்.