புளி போட்டுத் தேய்த்த ரிவால்வர்

உங்கள் ரைட்டர் கேட்டது நியாயமான கேள்விதான், மேடம். போன தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைக்கக் கொண்டுவந்தபோது கறுநீலமாக இருந்த ரிவால்வர், இந்தத் தேர்தலுக்கு எவர்சில்வர் கரண்டி மாதிரி பளபளக்கிறதே, நிக்கல் பூசினீர்களா என்று கேட்டார். இல்லை. புளி. குழம்புக்குக் கரைக்கிற அதே புளி. ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கு தேய்த்த கையோடு என் மனைவி செவந்தி இதையும் தேய்த்துவிட்டாள்.

அவள் மேல் புகார் கொடுக்கலாம் என்றுதான் வந்தேன். சொல்லி முடித்த பிறகு அது புகாராக இருக்குமா, வேறு ஏதாவதாக இருக்குமா என்று நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். என் பெயர் நல்லதம்பி. கீரமங்கலம் பஸ்ஸில் ஏறி துப்பாக்கி வீடு என்று சொன்னால் போதும், கண்டக்டர் வாசலிலேயே இறக்கிவிடுவார். கஜா புயலில் தென்னை முக்கால்வாசி சாய்ந்தது, மாட்டுக்கொட்டகை பறந்தது, அந்தப் பெயர் மட்டும் அசையவில்லை.

பெயர் வந்தது என் தாத்தாவால். புதுக்கோட்டை அரண்மனையில் அவருடைய தைரியத்தை மெச்சிக் கொடுத்த ரிவால்வர் என்று சொல்வார். சீமையில் சொல்லிச் செய்தது, இந்த மாதிரி நீலம் வேறு எதிலும் கிடையாது, உலகத்திலேயே நாலைந்துதான் இருக்கும் என்பார். நாங்கள் நம்பினோம். நம்புவதற்கு என்ன செலவு.

அதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. ராக்கன் என்று ஒருவர், தெற்குத் தெருக்காரர், எங்கள் குளத்தங்கரை வழியாகச் செருப்போடு நடந்து போனாராம். தாத்தா இதை எடுத்துக் காட்டினாராம். சுடவில்லை, மேடம். காட்டினார், அவ்வளவுதான். அந்த மனிதர் நின்ற இடத்திலேயே வேட்டியை நனைத்துவிட்டாராம். இந்தக் கதையை எங்கள் வீட்டுக் கல்யாணத்திலெல்லாம் யாராவது சொல்லுவார்கள், பந்தியே சிரிக்கும். என் மகன் விக்ரம் சின்னப் பையனாக இருந்தபோது ராக்கன் மாதிரி நடித்துக்கூடக் காட்டுவான். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும்.

விக்ரம் ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். கூடவே வேலை பார்க்கிற அன்புமொழியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றான். அவள் ராக்கனுடைய பேத்தி. ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் நான் சம்மதித்தேன். காலம் மாறிவிட்டது, படித்த பிள்ளை, மாட்டேன் என்றால் ஓடிப்போவான், ஆனது ஆகட்டும் என்று சரி சொன்னேன். சொந்தக்காரர்கள் வாயையும் அடைத்தேன். இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள். நான் பெண்ணுக்குக் குறுக்கே நிற்கவில்லை.

அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டாள். விக்ரம் வந்து சொன்னான்.

"அப்பா, அந்த ரிவால்வர ஸ்டேஷன்ல குடுத்துட்டு லைசென்ஸ ரத்து பண்ணிருவோம்ப்பா. அது இருக்க வீட்டுக்குள்ள காலு வைக்க மாட்டேங்கிறா."

"அது பாட்டுக்கு பீரோல கெடக்குது. அவள என்ன செய்யுது?"

"அவுக தாத்தா சாகுற வரைக்கும் இங்கிட்டு வரவே இல்லையாம்ப்பா. ஆலங்குடி போகணும்னாக்கூட அங்கிட்டுச் சுத்தித்தான் போவாராம். நம்ம சிரிச்சோம்ல, அந்தக் கதைய அவ வீட்ல யாருமே சொல்ல மாட்டாகளாம்."

யோசிக்கிறேன் என்றேன். அதற்குள் அந்த விபத்து நடந்துவிட்டது. துப்பாக்கியைத் துடைக்கும்போது கைதவறி வெடித்து மகன் சாவு என்று இந்த ஸ்டேஷனில்தான் எழுதியிருக்கிறது. அப்போது இருந்த இன்ஸ்பெக்டர், உங்களுக்கு முன்னே இருந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளையை எடுத்த அன்று அன்புமொழி எங்கள் வீட்டுக்குள் வந்தாள். துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது அல்லவா, அதனால் வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண்.

வழக்கு முடிந்து ரிவால்வர் திரும்பி வந்தது. துணியில் சுற்றி, அரக்கு வைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க எங்கேயோ ஈரத்தில் கிடந்திருக்கிறது. வீட்டில் பிரித்தபோது குழலின் மேல் பழுப்பாக ஏதோ தெரிந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். விரல்கள், மேடம். வேர்வைக் கை இரும்பில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாள் போகப்போக உப்பு உள்ளே இறங்கித் துருவாகப் பூக்கும். சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. வாலிபால் ஆடப் போய் விக்ரம் முறித்துக்கொண்டு வந்த விரல், நான்தான் நாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டேன்.

நான் அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அவனுடைய சட்டையில் வாசனை போய்விட்டது, போனில் இருந்த குரலைக் கேட்கத் தைரியம் இல்லை, இது மட்டும் அவன் கையாகவே என்னிடம் வந்தது. தினமும் பீரோவைத் திறந்து பார்ப்பேன். எண்ணெய் போட்டால் அழிந்துவிடுமோ என்று எண்ணெயும் போடவில்லை. அந்தக் கறையின் மேல் என் விரல்களை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். செவந்தி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

ஆனாலும் எனக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அபூர்வம் என்று யாராவது விவரம் தெரிந்தவர் சொல்லவேண்டும். அது அபூர்வமானது, விட்டுக்கொடுக்க முடியாதது, யாராக இருந்தாலும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்று கேட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்று தோன்றியது. திருச்சியில் பிராங்க்ளின் என்று ஒருவர் பழைய துப்பாக்கிகளைப் பார்த்து மதிப்புச் சொல்கிறவர். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவரை வரவழைத்தேன்.

நல்ல மனிதர். சத்தமே போடமாட்டார். வெள்ளைத் துண்டை விரித்து, கண்ணில் ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு, ரிவால்வரைக் குழந்தையைத் திருப்புகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அரண்மனைக் கதையைச் சொன்னேன்.

"நான் போற எல்லா வீட்டுலயும் அரண்மனையில குடுத்ததுன்னுதான் சார் சொல்றாங்க" என்று சிரித்தார். "இங்க பாருங்க, அம்பு முனை ரெண்டு எதிரெதிரா முட்டுற மாதிரி ஒரு முத்திரை. பட்டாளத்துல கழிச்சு வெளிய வித்ததுன்னு அர்த்தம். இந்த மாதிரி ஆயிரக்கணக்குல செஞ்சிருக்காங்க."

"அப்ப இந்த நீலம்?"

அவர் பிடியின் திருகைக் கழற்றி, கட்டைத் தகட்டை எடுத்து உள்ளே காட்டினார். அங்கே நிறம் வேறாக இருந்தது, மங்கின கருப்பு.

"இதுதான் சார் கம்பெனிப் பூச்சு. வெளிய இருக்கிறது பின்னாடி யாரோ நல்லா தேச்சு ராவிட்டுப் புதுசாப் போட்டது. எழுத்தைத் தடவிப் பாருங்க, தேஞ்ச காசு மாதிரி வழுவழுன்னு இருக்கு. திருகு ஓட்டை ஓரமெல்லாம் குழிஞ்சிருக்கு. ஒரிஜினலா இருந்தா ஓரம் கத்தி மாதிரி நிக்கும்." பிறகு லென்ஸைக் குழல் பக்கம் நகர்த்தினார். "சொல்லப்போனா, வெளிப்பக்கம் ஒரிஜினலா இருக்கிறது இந்தக் கறை ஒண்ணுதான்."

தமாஷாகத்தான் சொன்னார். எங்கள் கதை அவருக்குத் தெரியாது.

செவந்தி காப்பி கொண்டுவந்து நின்றாள். அவர் அந்தக் கறையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலில் ருசி உள்ளவர்களுக்கு அப்படித்தான், ஒன்றைப் பார்த்தால் விளக்காமல் இருக்க முடியாது. "வழக்கமா துடைக்கிறவங்க பிடி பக்கம் நின்னு பிடிப்பாங்க, விரல் அப்படிப் போகும். இது தலைகீழா இருக்கு பாருங்க. குழலுக்கு எதிர்ல நின்னு பிடிச்ச கை. கட்டைவிரல் பக்கம் இழுவியிருக்கு, அதாவது பக்கவாட்டுல தள்ளிவிட்டிருக்காங்க. சின்னப் பசங்க விளையாடினாங்களா சார்?"

செவந்தி டம்ளரை மேசையில் வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சர்க்கரை போதுமா என்று அவரிடம் கேட்டாள், உள்ளே போனாள்.

அன்றும் மறுநாளும் எப்போதும்போல சோறு போட்டாள், மாட்டைக் கட்டினாள். ஆயுத பூஜை அன்று நான் பூ வாங்கக் கீரமங்கலம் போய்விட்டு வந்தபோது சாமி படத்துக்கு முன்னால் அரிவாள், மண்வெட்டி, விக்ரமுடைய பைக் சாவி எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்து இருந்தன. நடுவில் இது. புளியும் சாம்பலும் போட்டு, கம்பி நாரால் தேய்த்து, கழுவித் துடைத்து, சந்தனம் வைத்திருந்தாள். நீலம் இல்லை. கறையும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிள்ளை கையை எங்கேயும் காணவில்லை. அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ணுன? அது அவன் கைடி" என்றேன்.

"தெரியும். அதான் எடுத்துட்டேன். ஒங்க கைக்குப் பக்கத்துல எம் பிள்ள கை இருக்க வேணாம்" என்றாள்.

கையில் ஒரு பையோடு அன்புமொழி வீட்டுக்குப் போய்விட்டாள். தெற்குத் தெருவுக்கு, நடந்தே போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஊரார் என்னென்னவோ பேசுகிறார்கள், ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

இப்போது நீங்கள் கேட்கவேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன். விபத்து என்று எழுதிய அந்த நாளில் செவந்தி குடுமியான்மலையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். விக்ரம் லாரிக்குத் தேங்காய் ஏற்றிவிட்டுச் சட்டையில்லாமல் வந்தான், உடம்பெல்லாம் வேர்வை. நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போவோம்ப்பா என்றான். நான் பீரோவைத் திறந்து இதை எடுத்தேன். தாத்தா மாதிரி காட்டத்தான் எடுத்தேன். குண்டு போட்டதும் நான்தான். காட்டுவதற்குக் குண்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வெறும் துப்பாக்கியைக் காட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

அவன் பயப்படவில்லை, மேடம். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ராக்கன் பயந்தார், என் பிள்ளை பயப்படவில்லை. "குடுங்கப்பா, போதும்ப்பா" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். பரிதாபப்படுகிற மாதிரி பார்த்தான்.

பிராங்க்ளின் போகிறபோது என்னை ஒரு தடவை விசையை இழுத்துப் பார்க்கச் சொன்னார். இந்த மாதிரியில் விசை கெட்டி, தானாக வெடித்தது, கைதவறி வெடித்தது என்றெல்லாம் சொல்லவே முடியாது, வேண்டுமென்று இழுத்தால்தான் உண்டு என்றார். எனக்கு அது புதுச் செய்தி இல்லை. என் விரல் எவ்வளவு தூரம் போனது என்று எனக்குத் தெரியும். பாதி வழியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணமும் துணியும் வைத்தேன். பிடியில் என் கை பட்ட இடத்தை மட்டும் துடைத்தேன். குழலைத் துடைக்கத் தோன்றவில்லை.

ஆயிரக்கணக்கில் ஒன்று, மேடம். பட்டாளம் வேண்டாம் என்று கழித்தது. யாரோ ராவி, புதுசாக நீலம் அடித்து எங்கள் தாத்தா தலையில் கட்டியது. அதற்காகத்தான் என் ஒரே பிள்ளையைக் கொடுத்தேன். அதிலும் அவன் கை ஒட்டிக்கொண்டு இருந்தவரைக்கும் என்னால் உயிரோடு இருக்க முடிந்தது. செவந்தி அதையும் தேய்த்துவிட்டாள், இனிமேல் அதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் நானே வந்தேன். கையெழுத்துப் போடுகிறேன், விலங்கு போடுவதென்றாலும் போடுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்தி எழுதுங்கள், மேடம். பிராங்க்ளின் சொன்னதை வைத்துத் தள்ளினான் என்று எழுதிவிடாதீர்கள். அவன் தள்ளவில்லை, பிடித்துக்கொண்டான். நடை பழகும்போதும் அப்படித்தான், என் விரலை விடவே மாட்டான்.